ரிப்போட்டின் மேல் தைத்த நட்சத்திரம்

என் மார்பிலிருந்து வெட்டி எடுத்த கட்டியைப் பற்றிய ரிப்போட்டை நானே ஒரு குவில்ட்டுக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். இதைக் கேட்டவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு என் தலையில் முடி இல்லாததைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. புற்றுநோய்க்கு ஏற்றுகிற மூன்றாவது ஊசி முடிந்து நாலாவது ஊசிக்குக் காத்திருக்கிறேன். கொஞ்சம் தெம்பு இருக்கிற இந்த நாட்களில் எழுதி வைத்தால்தான் உண்டு. அடுத்த ஊசி ஏறிவிட்டால் பேனா பிடிக்கக் கை வராது.

குவில்ட் என்றால் ஒட்டுத்துணிப் போர்வை. நான் பதினொரு வருஷம் கட்டுநாயக்கப் பக்கம் கார்மென்ட் தொழிற்சாலையில் மெசினில் இருந்தவள். தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்த பிறகும் மெசினை விடவில்லை. நுவரெலியாவில் விடுதி நடத்துகிற ஒரு அம்மா, பெரிய கட்டிலுக்குப் போடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று போனில் படம் காட்டினார். ஏழரை அடி அகலம், எட்டே முக்கால் அடி நீளம், முழுக்க நட்சத்திரங்கள். நாலு சதுரம் சேர்ந்தால் ஒரு நட்சத்திரம். மொத்தம் நூற்று அறுபத்தெட்டுச் சதுரம். படத்தைப் பார்த்ததும் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் முடியும் என்று சொல்லிவிட்டது.

அதைத் தாளில் வைத்துத்தான் தைக்க வேண்டும். கூரான முனைகளைச் சும்மா சேர்த்துத் தைத்தால் துணி இழுத்துக்கொண்டு முனை மழுங்கிப் போகும். அதனால் ஒரு தாளில் பென்சிலால் கோடு போட்டு, தாளின் பின்பக்கத்தில் துணித் துண்டுகளை வைத்து, கோட்டின் மேலேயே மெசினை ஓட்ட வேண்டும். ஒரு துண்டைத் தைத்துப் புரட்டி அழுத்திவிட்டு அடுத்த துண்டு. தையல் பொடிப்பொடியாக விழ வேண்டும். அப்போதுதான் தாள் ஊசித் துளையோடு சுலபமாகக் கிழியும். எல்லாச் சதுரங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து முடித்த பிறகுதான் தாளைக் கிழித்து எடுக்கலாம். அவசரப்பட்டு முன்னாலேயே கிழித்தால் சதுரம் கோணிப்போய் எதோடும் சேராது.

புதுத் தாள் தேவையில்லை, ஒரு பக்கம் பாவித்த தாள் போதும். ஹட்டன் போட்டோகொப்பிக் கடையில் பழுதாகிப்போன தாள்களைக் கட்டாகத் தருவார்கள். வெற்றுப் பக்கத்தில் கோடு போடுவேன். எழுத்துள்ள பக்கம் துணியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே மறைந்துவிடும். என் கண்ணுக்குத் தெரிவது பென்சில் கோடு மட்டும்தான்.

அறுபது சதுரம் முடிந்திருந்த நேரத்தில் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. முதல் மாதம் வெட்கம், மற்ற இரண்டு மாதமும் பயம். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. இதைப் படிக்கிற பெண் யாராவது இப்படி மறைத்து வைத்திருந்தால் நான் எழுதுகிற இந்தக் கொப்பியை மூடிவிட்டு டொக்டரிடம் போங்கள். மீதியை வந்து படிக்கலாம்.

என் வீட்டுக்காரர் மாரிமுத்துவிடம் சொன்னதும், அவர் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் லீவு சொல்லிவிட்டு மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கடைசியில் கண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே கட்டிக்குள் ஊசியை விட்டுத் துளி சதை எடுத்தார்கள். அதை பயொப்சி என்கிறார்கள். கட்டி கெட்டதா, சும்மா கட்டியா என்று அந்தத் துளியைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்வார்கள். கெட்டது என்று சொன்னார்கள். மார்பு முழுவதையும் எடுக்க வேண்டும், அக்குளில் இருக்கிற சின்னச் சின்னக் கழலைகளையும் எடுத்து, நோய் அங்கே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. காத்திருக்கும் மண்டபத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அங்கே எல்லோருக்கும் அதே கதைதான்.

ஒப்பரேஷன் முடிந்து கண் திறந்தபோது விலாவிலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் ஒரு போத்தல். உள்ளே ஊறுகிற நீரும் இரத்தமும் அதில் வடியும். ஒரு வாரம் அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். வாட்டில் எல்லாப் பெண்களும் ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தோம். பக்கத்துக் கட்டில் சுனீத்தா, சிங்களப் பெண், வலப்பனைப் பக்கம். என் கைக்கு அடியில் வைக்கத் தன் சின்னத் தலையணையைத் தந்துவிட்டு அவள் சேலையைச் சுருட்டி வைத்துப் படுத்தாள். வேண்டாம் என்றேன். சிங்களத்தில் நன்றாகத் திட்டினாள், வாங்கிக்கொண்டேன். மாரிமுத்து பஸ் ஏறி வந்து, வலது பக்கமாக உட்கார்ந்து என் தலையை வாரிப் பின்னிவிடுவார். ஆம்பிளை பின்னுகிற பின்னல் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். நர்ஸ் மிஸ்ஸிமார் அதைப் பார்க்கவே வந்து போவார்கள்.

வெட்டி எடுத்ததைப் பரிசோதித்து ரிப்போட் வர மூன்று வாரம் ஆகும், அதை வாங்கிக்கொண்டு புற்றுநோய் கிளினிக்குக்கு வர வேண்டும், அதைப் பார்த்துத்தான் என்ன மருந்து என்று முடிவு செய்வோம், தாமதிக்காதீர்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில், கை இறுகிப்போகாமல் இருக்க, விரல்களால் சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி மேலே ஏறிக் கையை நீட்டிப் பழக வேண்டும். பாரம் தூக்கக் கூடாது, மெசின் பக்கம் போகவே கூடாது என்று மாரிமுத்து மெசினுக்கு மேல் துணியைப் போட்டு மூடி வைத்தார். நான்கு நாள் பொறுத்தேன். பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அவர் ஃபெக்டரிக்குப் போனதும் துணியை எடுத்துவிட்டு உட்கார்வேன், அவர் வருவதற்கு முன் மூடிவிடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு சதுரம், மூன்று சதுரம். கோட்டின் மேல் ஊசி போகிறதா என்று பார்க்கிற நேரத்தில் வேறு ஒன்றும் நினைக்கத் தோன்றாது. அதற்காகவே தைத்தேன்.

அவர் ஒரு நாள் கண்டிக்குப் போய் வந்தார். ரிப்போட் வந்ததா என்று கேட்டேன். இன்னும் ஆகவில்லையாம் என்றார். அடுத்தடுத்த நாட்களிலும் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே அதையே சொன்னார்.

கிளினிக் செவ்வாய்க்கிழமை. ஞாயிறு காலையில் நான் குளித்துவிட்டு வந்தால், மாரிமுத்து மெசினுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று என் தாள் கட்டை அவிழ்த்துப் பரப்பி வைத்திருக்கிறார்.

"என்னா தேடுறீங்க?"

"இல்ல… இந்தக் கட்டு இவ்வளவுதானா? முந்தி பெருசா இருந்துச்சே."

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். "கொஞ்சம் தச்சேன்" என்றேன். "திட்டாதீங்க. சும்மா கொஞ்சந்தான்."

"எங்கருந்து எடுத்த? மேலருந்தா, அடியிலருந்தா?"

"மேல உள்ளதெல்லாம் கூர ஒழுகி நனஞ்சு போச்சு. அடியிலருந்து எடுத்தேன். ஏன்?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது.

ரிப்போட் பத்து நாளைக்கு முன்பே வந்துவிட்டது. கண்டியிலிருந்து வருகிற வழியில் ஹட்டனில் ஃபாமசி நடத்துகிற முஸ்லிம் நானாவிடம் காட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேட்டதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. கிளினிக் அன்றைக்கு டொக்டர் கையில் நேராகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஒரே ஒரு காம்பரா உள்ள வீட்டில் எங்கே ஒளிப்பது? பெட்டியை நான் திறப்பேன், சாமிப் படத்துக்குப் பின்னால் துடைப்பேன், அவர் சட்டைப் பையைத் துவைக்க எடுப்பேன். தாளைத் தாளோடு வைத்தால் யார் பார்க்கப் போகிறார்கள், இவள் இரண்டு மாதத்துக்கு மெசினைத் தொட மாட்டாளே என்று கட்டுக்கு அடியில் சொருகிவிட்டார்.

நான் இருபத்தெட்டு வருஷத்தில் அவரை 'நீ' என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டேன்.

"நீ யாரு எனக்கு வந்தத ஒளிக்கிறதுக்கு? என் ஒடம்பா ஒன் ஒடம்பா? வெட்டுனது எனக்கு. தெரியக் கூடாதா எனக்கு?"

"தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு…"

"நான் தாங்குவேனா மாட்டேனான்னு என்னைக் கேட்டியா?"

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா சரசு அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோப்பை தேத்தண்ணியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

தேத்தண்ணியைக் குடித்ததும் மூளை வேலை செய்தது. ஆஸ்பத்திரியில் இன்னொரு பிரதி கேட்கலாம், தருவார்கள். கடிதம் கொடுத்து, அவர்கள் தேடி எடுத்து, கையெழுத்து வாங்கி, எத்தனை நாளாகுமோ. செவ்வாய் கிளினிக் தவறினால் ஊசி தள்ளிப்போகும். தாமதிக்காதீர்கள் என்று டொக்டர் சொன்னது மட்டும் காதில் நின்றது. மூன்று மாதத்தை நான் வீணாக்கினேன், பத்து நாளை இவர் வீணாக்கினார். இனி ஒரு நாளும் கொடுப்பதற்கில்லை.

குவில்ட்டைத் தரையில் விரித்தேன். தொண்ணூற்றாறு சதுரம், இருபத்து நாலு நட்சத்திரமாகச் சேர்த்தது. எது ஆஸ்பத்திரிக்கு முன்னால் தைத்தது, எது பின்னால் தைத்தது என்று பிரிக்க வழியில்லை, நிறம் பார்த்துக் கலந்து சேர்த்திருந்தேன். பின்பக்கம் திருப்பினால் எல்லாம் ஒரே மாதிரி பென்சில் கோடு. எழுத்து எல்லாம் உள்ளே. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம், துணி மறைத்தது. கிழிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

"கிழிச்சா இது பாழாப் போயிரும்ல?" என்றார்.

"போகட்டும்" என்றேன்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கிழித்தோம். அவர் கோழி உரிக்கிற மாதிரி இழுத்தார், தையல் நூலோடு வந்தது. தையலை விரலால் அழுத்திக்கொண்டு தாளை மடக்கிக் கிழியுங்கள் என்று கத்தினேன். ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்க்கிறோம். யாருடைய ஜாதகமோ பாதி. ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள். ஒரு கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளை பேர் கறுப்பாக அப்பிப்போய். ஒருவர் காணி உறுதி. ஊர் உலகத்துச் சங்கதி எல்லாம் வருகிறது, என்னுடையது மட்டும் வரவில்லை. பக்கத்தில் துணி தொய்ந்து தொய்ந்து குவிகிறது. எனக்கு இடது கை நெருப்பாக எரிந்தது. ஐம்பது தாண்டியதும் அவர் அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே கிழித்தார்.

எழுபத்தோராவது சதுரத்தில் கிடைத்தது. இங்கிலீஷ் எனக்கு ஓடாது, ஆனால் கார்மென்ட் அட்டையில் பதினொரு வருஷம் பார்த்ததால் என் பேரின் எழுத்துத் தெரியும். மேல் மூலையில் இருந்தது. தையல் போன வழியெல்லாம் துளைபட்டு, ஒரே தாளாக வராமல் ஒன்பது துண்டாக வந்தது. பாய்மேல் அடுக்கி வைத்தேன்.

"இதுல என்னா இருக்கு, சொல்லுங்க" என்றேன். மறுபடியும் 'ங்க' வந்துவிட்டது.

"நாளன்னிக்கு டொக்டரே…"

"நீங்க சொல்லுங்க."

தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்குள்ளருந்து எடுத்த கழலையில பாதிக்கு மேல நோய் போயிருக்காம். கண்ட எடத்துக்கும் ஓடப் பாக்குற சாதியாம். நானா அப்பிடித்தான் சொன்னாரு." அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. தாங்குவேன் என்று கத்தினேனே, தாங்கவில்லை. அவர் மடியில் தலையை வைத்து நாள் முழுக்கக் கிடந்தேன். ஆனாலும் அவர் மட்டும் பத்து நாள் தனியாகச் சுமந்தது அதைவிட மோசம் என்று அப்போதுதான் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை, செலோடேப் போட்டு ஒட்டிய தாளை டொக்டர் முன்னால் வைத்தோம். சின்ன வயது டொக்டர் அம்மா. தூக்கிப் பிடித்தார், துளைகளின் வழியாக ஜன்னல் வெளிச்சம் வந்தது. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. படித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இங்கே ஒரு துண்டு இல்லையே. அதில்தான் முக்கியமானது இருக்க வேண்டும்."

உடம்பில் ஊறுகிற பெண் ஹோர்மோனைத் தின்று வளர்கிற கட்டியா, இல்லையா என்பது அந்த இடத்தில்தான் எழுதியிருக்குமாம். ஆம் என்றால் ஊசிக்குப் பிறகு வருஷக்கணக்கில் சாப்பிட ஒரு வில்லை உண்டு, நோயைக் கட்டி வைக்கும். இல்லை என்றால் அந்த வில்லையால் பயன் இல்லை.

எனக்குத் தெரியும் அது எங்கே என்று. தையல் மடிப்புக்குள் துணுக்குத் தாள் சிக்கிக்கொள்வது வழக்கம். அந்தச் சதுரத்தைப் பேக்கில் போட்டுக் கொண்டு வந்திருந்தேன், ஏன் என்று கேட்டால் தெரியாது, வீட்டில் விட மனம் வரவில்லை. எடுத்து மேசையில் வைத்து மடிப்பைப் பிரித்தேன். விரல் நகம் அளவு ஒரு முக்கோணம், நட்சத்திர முனைக்குள். விரலால் எடுக்க முடியவில்லை. டொக்டர் அம்மா காயம் கட்டுகிற தட்டிலிருந்து இடுக்கியை எடுத்து என்னிடம் தராமல் தானே குனிந்து மெல்ல இழுத்தார்.

"ஆம் என்று இருக்கிறது" என்றார். "வில்லை உண்டு."

இவ்வளவு கேவலமான நாளில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வெளியே வந்து அதே மாதிரி ஒரு வாங்கில் உட்கார்ந்து, பணிஸ் வாங்கிச் சாப்பிட்டோம். திரும்பி வரும் பஸ்ஸில் அவரிடம் ஒரு சத்தியம் வாங்கினேன். "இனிமே எந்த ரிப்போட் வந்தாலும் அந்த நிமிஷமே ரெண்டு பேருக்கும் தெரியணும். எனக்கு மொதல்ல தெரிஞ்சா நான் சொல்லுவேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லணும்." சரி என்றார்.

பிறகு ஊசி ஆரம்பமானது. ஊசி என்றால் குத்திவிட்டு அனுப்புவது அல்ல, நாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறும் மருந்து. மூன்றாம் நாள் தொடங்கி வாயெல்லாம் புண், குடித்த தண்ணீரும் திரும்பி வரும். வாளியைக் கழுவி வைப்பது, கஞ்சியை வடிகட்டித் தருவது, தலையணையில் உதிர்ந்த முடியை நான் எழும்புவதற்கு முன்னால் பொறுக்கி எடுப்பது எல்லாம் மாரிமுத்துதான். முடியைப் பொறுக்கியது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைக்கூட மறைக்கத்தான் பார்க்கிறார், அதற்கு நான் சண்டை பிடிக்கவில்லை. விடுதி அம்மா ஆறுதலாக, நேரம் எடுத்துத் தைத்துத் தாருங்கள் என்று சொல்லிவிட்டார். கோணிப்போன சதுரங்களில் பாதியைப் பிரித்து மறுபடி தைத்தேன். இப்போது தாளை எடுத்ததும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கோடு போடுகிறேன்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு இடுப்பில் ஒரு வலி வந்தது. குனிந்தால் உயிர் போனது. எலும்புகளைப் படம் எடுக்கச் சொன்னார்கள். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, சில மணி நேரம் காக்க வைத்து, உடம்பு முழுக்கப் படம் பிடிப்பார்கள். கெட்ட இடத்தில் மருந்து போய்க் கறுப்பாக ஒட்டிக்கொள்ளுமாம். முடிவு சொல்கிற அன்றைக்கு நான் தனியாகத்தான் போனேன். அவருக்கு லீவு மிச்சம் இல்லை.

டொக்டர் அம்மா படத்தை என் பக்கம் திருப்பி வைத்துக் காட்டினார். முதுகெலும்பில் இரண்டு இடம், இடுப்பில் ஒன்று. இதை முழுக்கப் போக்க முடியாது, கட்டுப்படுத்தி வைக்கலாம், நாலாவது ஊசியிலிருந்து மருந்தை மாற்றுவோம் என்றார். எத்தனை காலம் என்று கேட்டேன். அதை என்னால் சொல்ல முடியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். ஹட்டன் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கும். வீட்டுக்குப் போய் அவர் சாப்பிட்ட பிறகு சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம். ரிப்போட் இன்னும் தரவில்லை என்றுகூடச் சொல்லலாம், அது எவ்வளவு சுலபம் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. ஏறாமல் போனை எடுத்தேன்.

அவர் ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். கடகடவென்ற சத்தம்.

"எலும்புக்குப் போயிருச்சாம்" என்றேன்.

"என்னா புள்ள? கேக்கல."

"எலும்புக்குப் போயிருச்சாம்ங்க. மூணு எடத்துல."

"கேக்கலயே. சத்தமாச் சொல்லு."

லொத்தர் டிக்கட் விற்கிறவர் திரும்பிப் பார்க்க, பஸ்ஸில் ஏறப்போனவர்கள் நிற்க, தொண்டை கிழியக் கத்தினேன். "எலும்புக்குப் போயிருச்சு! முதுகுல ரெண்டு, இடுப்புல ஒண்ணு! சொகமாக்க முடியாதாம்!"

அந்தப் பக்கம் ரோலர் சத்தம் மெதுவாகக் குறைந்தது. நடந்து வெளியே வந்திருக்கிறார். காற்றுச் சத்தம் கேட்டது. இதுவும் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

"வேணாம் லெச்சுமி" என்றார். "மொதல் தடவ சொன்னப்பவே கேட்டுச்சு. திரும்பச் சொன்னா வேற மாதிரி சொல்லுவியோன்னு கேட்டேன்."